கய், சாப், ஃபெல்லோ, மேட்: ஆங்கிலப் பேச்சில் மனிதரைக் குறிக்கும் சொற்களைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது?

மஞ்சக்குப்பம் மொழிபெயர்ப்பாளர் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலச் சிறுகதைகளைத் தமிழாக்கிவரும் நான், நீண்ட நாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். கலைச்சொற்களுக்கு அகராதி இருக்கிறது. வட்டார வழக்குக்கும் ஓரளவு துணை கிடைக்கிறது. ஆனால் கய் (guy), சாப் (chap), ப்ளோக் (bloke), ஃபெல்லோ (fellow), ட்யூட் (dude) முதலிய சொற்கள் வரும் இடங்களில் வேலை அப்படியே நின்றுவிடுகிறது. (‘கை’ என்று எழுதினால் உறுப்பைக் குறிக்கும் என்பதால் ‘கய்’ என்று எழுதுகிறேன்.) இந்த ஐந்துக்கும் நாம் ‘ஆள்’, ‘பேர்வழி’, ‘பையன்’ என்ற மூன்றையே மாற்றி மாற்றிப் போடுகிறோம். ஆங்கிலம் பேசுபவர்களோ அப்படிச் செய்வதில்லை. சாப் என்று சொல்பவர் எப்படிப்பட்டவர், ப்ளோக் என்று சொல்பவர் எப்படிப்பட்டவர் என்பது அவர்களுக்குக் கேட்ட மாத்திரத்தில் விளங்கிவிடுகிறது.

இப்போது கையில் இருக்கும் கதையில் ஒரு பெண் தன் தோழியிடம், நேற்று மாலை யாரோ ஒரு கய் வந்து உன்னைக் கேட்டதாகச் சொல்கிறாள். வந்தவர் இளைஞரா முதியவரா, மதிக்கத்தக்கவரா இல்லையா என்பதைப் பற்றி அந்தச் சொல் எதுவுமே சொல்லவில்லை. ‘ஒரு ஆள் வந்தான்’ என்று எழுதினால் ஏளனம் ஒட்டிக்கொள்கிறது; ‘ஒரு மனிதர் வந்தார்’ என்று எழுதினாலோ தோழிகளின் பேச்சு மேடைப் பேச்சாகிவிடுகிறது. நண்பர்கள் இதை எப்படிக் கையாளுவீர்கள்?

கடலூர் முதுநகர், ஓய்வுபெற்ற கப்பல் அலுவலர்:

அம்மா, பொருளைப் பார்ப்பதற்கு முன் சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. சரக்குக் கப்பல்களில் பிரிட்டிஷாருடனும் ஆஸ்திரேலியர்களுடனும் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தச் சொற்களில் சில, அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசுவதற்கு உரியவை. சில, எதிரில் நிற்பவரைக் கூப்பிடுவதற்கு உரியவை. ப்ளோக் முதல் வகையைச் சேர்ந்தது. ‘அவன் நல்ல ப்ளோக்’ என்று ஓர் ஆஸ்திரேலியர் சொன்னால் அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடமிருந்து வராது. ஆனால் அதே மனிதரை நேரில் ‘ப்ளோக், இங்கே வா’ என்று அவர் கூப்பிட மாட்டார். நண்பனைக் குறிக்கும் மேட் (mate) என்பதைக் கூப்பிடவும் செய்யலாம், ‘என் மேட்’ என்று குறிப்பிடவும் செய்யலாம். கய் ஒருமையில் இருக்கும்வரை பிறரைச் சுட்டுவதோடு நின்றுகொள்ளும். ‘கய்ஸ்’ என்று பன்மையானதும் விளியாகிவிடும்.

தமிழிலும் இந்தக் கோடு தெளிவாகவே இருக்கிறது. ‘ஆள்’, ‘பேர்வழி’ என்று யாரையும் விளிக்க முடியாது. மச்சான், மாப்பிள்ளை, தம்பி என்றால் விளிக்கலாம். ஆகவே மேட் என்ற விளிக்கு ‘ஆள்’ என்று எழுதினால், பொருள் சரியா தவறா என்ற கேள்விக்கு முன்பே வாக்கியம் உடைந்துவிடுகிறது.

மேட் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு அது பதவிப் பெயரும்கூட. கேப்டனுக்கு அடுத்த நிலையில் இருப்பவர் சீஃப் மேட். ஒன்றாக உணவு உண்பவன் என்பதுதான் இந்தச் சொல்லின் பழைய பொருள். இன்று இறைச்சியைக் குறிக்கும் ‘மீட்’ என்ற ஆங்கிலச் சொல், முன்பு பொதுவாக உணவையே குறித்தது. மேட் அதோடு வேர் பகிர்ந்துகொள்ளும் சொல். என்னுடன் பணியாற்றிய ஆஸ்திரேலிய அலுவலர் ஒருவர், காலையில் சமையற்காரரிடம் முட்டை கேட்கும்போதும் மேட் என்பார். ஏணியில் ஏறிவரும் துறைமுக அதிகாரியை வரவேற்கும்போதும் மேட் என்பார். சமையற்காரரை அவர் உயர்த்தவும் இல்லை, அதிகாரியைத் தாழ்த்தவும் இல்லை. இருவரும் தனக்குச் சமம் என்பதைத்தான் அந்தச் சொல் அறிவித்தது. நம் மொழியில் அறிமுகமில்லாத ஒருவரைக் கூப்பிட வேண்டுமானால் அண்ணா என்று மேலே வைக்க வேண்டும், அல்லது தம்பி என்று கீழே வைக்க வேண்டும். சமமாக நிறுத்திக் கூப்பிடும் சொல் நம்மிடம் இயக்கத்தவர்கள் வழங்கும் ‘தோழர்’ ஒன்றுதான், அதற்கும் அரசியல் நிறம் உண்டு. மேட் தமிழுக்கு வர மறுப்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

காலாப்பட்டு ஆய்வு மாணவி:

ஐயாவின் பிரிவினை மிகவும் உதவியாக இருக்கிறது. நான் ஃபெல்லோவைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பட்டியலில் நம் நாட்டில் பொருள் மிக அதிகமாகத் திரிந்த சொல் அதுதான்.

ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோ என்ற நிலையில் எனக்கு உதவித்தொகைக் கடிதம் வந்தபோது, அதை என் தாத்தா மூக்குக் கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்தி இரண்டு தடவை வாசித்தார். பிறகு, ‘பெண் பிள்ளையை ஃபெல்லோ என்று எழுதியிருக்கிறார்களே, இது மரியாதைக் குறைவாக இல்லையா?’ என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். அவர் பணியாற்றிய அலுவலகத்தில், மேலதிகாரி கோபமாக இருக்கும் நாளில் கீழே இருப்பவர்களை ‘தட் ஃபெல்லோ’ என்றுதான் குறிப்பிடுவாராம். பள்ளிகளில் ‘இடியட் ஃபெல்லோ’ என்று திட்டு வாங்காத தலைமுறையும் இங்கே இல்லை. அதே சொல்தான், 1918-இல் ராமானுஜன் லண்டன் ராயல் சொசைட்டிக்கும் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்குக் கிடைத்த உயர்ந்த பட்டமும்.

இதன் வேர் ஸ்காண்டிநேவியர்களின் மொழியான பழைய நார்ஸில் இருக்கிறது. ‘ஃபே’ என்றால் கால்நடை, அதனால் சொத்து; அந்தச் சொத்தைப் பொதுவில் இட்டு, பிறரோடு சேர்ந்து தொழில் செய்பவன் ‘ஃபேலகி’. வைக்கிங்குகள் வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழில் இதற்கு நேரான சொல்லைத் தேடி அலைய வேண்டியதே இல்லை: கூட்டாளி. முதல் போட்டுக் கூட்டுத்தொழில் செய்பவனைக் குறிக்கும் அந்தச் சொல்லே நண்பனையும் குறிக்கிறது. பங்காளியும் சொத்தில் பங்குடையவன் என்ற பொருளிலிருந்துதான் புறப்படுகிறது, ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் வேறு.

அப்படியானால் இழிவு எங்கிருந்து வந்தது? இங்கிலாந்திலேயே ஒரு காலத்தில் பணியாட்களை ஃபெல்லோ என்று விளிக்கும் வழக்கம் இருந்தது. அதை நம்மவர்கள் பிடித்துக்கொண்டதற்கு ஒரு தேவையும் இருந்தது என்பது என் ஊகம். ‘அவன்’, ‘அவர்’ என்ற வேறுபாடு ஆங்கிலச் சுட்டுப்பெயரில் இல்லை. ‘அவன்’ என்று தமிழில் நினைத்துவிட்டு ஆங்கிலத்தில் பேசுபவருக்கு, அந்த அவமதிப்பை இறக்கிவைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. ‘ஹீ’ என்ற சொல் அதைத் தாங்காது, ஃபெல்லோ தாங்கியது.

மஞ்சக்குப்பம் மொழிபெயர்ப்பாளர்:

உங்கள் கடைசிப் பத்தி என் கேள்வியின் மையத்தைத் தொட்டுவிட்டது. ஆங்கிலத்தில் மரியாதையும் நெருக்கமும் பெயர்ச்சொல்லில் உட்கார்ந்திருக்கின்றன. தமிழில் அவை வினைமுற்றில் உட்கார்ந்திருக்கின்றன. வந்தான், வந்தார், வந்தாங்க என்பதிலேயே நமக்குப் பாதி உறவு தெரிந்துவிடுகிறது. கய் என்ற சொல்லுக்கு ஒரு பெயர்ச்சொல்லைத் தேடுவதைவிட, ‘யாரோ ஒருத்தர் வந்து உன்னைக் கேட்டாரு’ என்று எழுதி, மிச்சத்தை வினையிடம் விட்டுவிடுவது நல்லது என்று இப்போது தோன்றுகிறது. வந்தவன் மேல் சொல்பவளுக்குச் சந்தேகம் இருந்தால் ‘ஒருத்தன் வந்து கேட்டான்’ என்று ஆகும்.

சங்கடம் என்னவென்றால், ஆங்கில ஆசிரியர் முடிவு செய்யாமல் விட்டதை நான் முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. கதையின் கடைசிப் பக்கத்தில்தான் வந்தவர் யார் என்பது தெரிகிறது. முதல் பக்கத்திலேயே நான் ‘கேட்டாரு’ என்றோ ‘கேட்டான்’ என்றோ எழுதினால் வாசகருக்கு ஒரு குறிப்பு போய்விடும். ‘உன்னை யாரோ தேடிக்கிட்டு வந்தாங்க’ என்ற வழக்கு இருப்பதால் தப்பித்தேன். வந்தவர் ஆணா பெண்ணா என்பதையும்கூட அது மறைத்துவிடுகிறது.

முத்தியால்பேட்டை பிரெஞ்சு ஆசிரியர்:

புதுச்சேரிக்காரனாக நான் பிரெஞ்சுப் பக்கத்தையும் சேர்க்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஆங்கிலச் சொற்கள் இன்னும் தெளிவாகத் தெரியும்.

முதலில் கய். இது கய் ஃபாக்ஸ் என்ற மனிதரின் பெயர். 1605 நவம்பர் 5-ஆம் நாள் இங்கிலாந்து நாடாளுமன்றத்தை மன்னரோடு சேர்த்து வெடிவைத்துத் தகர்ப்பதற்காக, பிரபுக்கள் அவையின் அடியில் 36 பீப்பாய் வெடிமருந்துடன் காத்திருந்து பிடிபட்டவர் அவர். 1606 ஜனவரியில் கொல்லப்பட்டார். அதன்பின் ஆண்டுதோறும் அந்த நாளில் கந்தல் துணிகளால் உருவம் செய்து எரிக்கும் வழக்கம் நிலைத்தது. அந்த உருவத்துக்கும் கய் என்றே பெயர். பிள்ளைகள் அதைத் தெருவில் வைத்துக்கொண்டு காசு கேட்பார்கள். நம் வழக்கில் சொன்னால் அது கொடும்பாவி. 19-ஆம் நூற்றாண்டில், கொடும்பாவி போலக் கோமாளித்தனமாக உடுத்தியவனுக்கு அந்தப் பெயர் போனது. அமெரிக்காவுக்குச் சென்ற பிறகு ஏளனம் உதிர்ந்து, எந்த மனிதனுக்கும் பொதுவாகிவிட்டது. ‘கி’ என்று பிரெஞ்சில் ஒலிக்கும் அதே பெயரை இன்றும் பிரான்சில் மரியாதையாக வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால், எரிக்கப்பட்ட உருவத்தின் பெயர் உலகமெங்கும் பரவியதை நான் மொழியின் பெருந்தன்மை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

மேட் என்பதற்குக் கப்பல் அலுவலர் சொன்ன விளக்கத்தைப் படித்ததும் நண்பனைக் குறிக்கும் பிரெஞ்சின் ‘கொப்பேன்’ நினைவுக்கு வந்தது. ரொட்டியைப் பகிர்ந்துகொள்பவன் என்பது அதன் வேர்ப்பொருள். ‘கம்பேனியன்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்தது. ஃபெல்லோ சொத்தைப் பகிர்ந்தான், மேட் சோற்றைப் பகிர்ந்தான், கொப்பேன் ரொட்டியைப் பகிர்ந்தான். பேனா நண்பரைக் குறிக்கும் ‘பென்-பால்’ என்ற சொல்லில் வரும் பால், ரோமானி மக்களின் மொழியில் சகோதரனைக் குறிக்கும் சொல். அது வடமொழியின் ‘ப்ராத்ரு’வோடு உறவுடையது. இன்று நம் பிள்ளைகள் பேச்சுக்குப் பேச்சு சொல்லும் ‘ப்ரோ’வும் அந்தப் பெரிய குடும்பத்தின் வேறொரு கிளைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பையன் என்ற பொருளுடைய ‘கார்சோன்’ பிரெஞ்சில் உணவகப் பணியாளரையும் குறித்தது. 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, ‘பாய்’ என்ற சொல் தென்னிந்தியாவில் வீட்டுப் பணியாளரைக் குறித்ததைப் பதிவு செய்திருக்கிறது. அந்தப் பணியாளருக்கு எத்தனை வயதானாலும் அவர் பாய்தான். தமிழில் ‘ஆபீஸ் பையன்’ என்று நரைத்த தலைக்காரரைச் சொல்வதை இன்றும் கேட்கிறோம். மூன்று மொழிகளும் ஒரே அநீதியை ஒரே முறையில் செய்திருக்கின்றன. அமெரிக்காவில் கறுப்பின ஆண்களை ‘பாய்’ என்று அழைத்தது எவ்வளவு ஆழமான அவமதிப்பாக இருந்தது என்பதை மொழிபெயர்ப்பவர்கள் மறந்துவிடக் கூடாது. அத்தகைய கதையில் ‘பையா’ என்று எழுதினால் அந்தக் கொடுமை முழுவதும் மறைந்துபோகும். ‘டேய்’ என்று, வயதில் மூத்தவரைப் பார்த்துச் சொல்வதாக எழுதினால்தான் நம் வாசகருக்குச் சுடும்.

நெல்லிக்குப்பம், நிலத்தரகர்:

சாப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வணிகனைக் குறித்த ‘சாப்மன்’ என்ற பழைய சொல்லின் குறுக்கம் அது. 16-ஆம் நூற்றாண்டில் வாங்க வருபவனைக் குறித்தது. 18-ஆம் நூற்றாண்டில் பொதுவாக ஒரு மனிதனைக் குறிக்கத் தொடங்கியது. எங்கள் தொழிலில் இதே பயணத்தைக் கண்ணெதிரே பார்க்கலாம். மனை வாங்க வருபவரை நாங்கள் ‘பார்ட்டி’ என்போம். ‘பார்ட்டி ஞாயிற்றுக்கிழமை இடம் பார்க்க வருது’ என்று அஃறிணையில் சொன்னாலும் அதில் அவமதிப்பு இல்லை. நாளடைவில் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லாத மனிதரையும் ‘அவர் நல்ல பார்ட்டி’, ‘அது ஒரு மாதிரியான பார்ட்டி’ என்று சொல்லத் தொடங்கிவிட்டோம். சாப் என்ற சொல் பழைய ராணுவ அதிகாரிகளின் வாயில் இன்னும் இருக்கிறது. அவர்கள் சொல்லும்போது அதில் ஒரு கனிவு இருக்கும். பார்ட்டியில் அந்தக் கனிவு இல்லை.

லாஸ்பேட்டை, வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்:

அயல்நாட்டு வாடிக்கையாளர்களுடன் தொலைபேசியில் பேசுவது என் வேலை. மேட் எப்போதும் சமத்துவத்தின் சொல் அன்று என்பதைப் பணிவுடன் சேர்க்க விரும்புகிறேன். பேச்சின் தொடக்கத்தில் வாயசைவோடு கலந்து வரும் மேட், நலம் விசாரிப்பது போன்றது. ‘கேள், மேட்’ என்று நிறுத்தி, சொல்லின் கடைசியில் குரலை இறக்கினால், அவர் பொறுமை இழந்துவிட்டார் என்று பொருள். அமெரிக்கர்கள் பால் என்ற சொல்லையும் அப்படியே பயன்படுத்துகிறார்கள். முன்பின் தெரியாதவரிடம் அதைச் சொன்னால் அது எச்சரிக்கை. நாம் தம்பி என்ற சொல்லை வைத்துச் செய்வதும் இதுதான். கடலூர் பேருந்து நிலையத்தில் புதுச்சேரிப் பேருந்து கிளம்பும் நேரத்தில் படியில் நிற்பவரிடம் நடத்துநர் ‘தம்பி, உள்ள வாப்பா’ என்றால் அது அக்கறை, ‘தம்பி... உள்ள வர்றியா’ என்று இழுத்தால், அடுத்து வருவது விசில் அன்று, சண்டை. எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட வேறு சொல் தேட வேண்டாம். தம்பியை வைத்துக்கொண்டு வினையை மாற்றினால் போதும்.

ட்யூட் என்ற சொல்லின் வரலாறும் சுவையானது. 1883 வாக்கில் நியூயார்க் நகரில், உடையிலும் நடையிலும் மிகையான பகட்டு காட்டிய பணக்கார இளைஞர்களைக் கிண்டல் செய்ய அது பரவியது. அந்தக் காலத்துக் கதையை மொழிபெயர்க்கிறீர்கள் என்றால் தமிழில் ‘மைனர்’ என்று எழுதலாம். சட்டத்தின் சொல்லாக வந்து, பட்டு ஜிப்பாவும் தங்கச் சங்கிலியுமாகச் சுற்றும் பண்ணை வீட்டுப் பிள்ளைக்குப் பெயரான அந்த மைனர், பழைய ட்யூட்டுக்கு மிக நெருக்கமானவர். இன்றைய ட்யூட் அவர் அல்லர். 2004-இல் ஸ்காட் கீஸ்லிங் என்ற மொழியியலாளர் அமெரிக்க மாணவர்களின் பேச்சை ஆராய்ந்து, இளைஞர்கள் ஒருவரோடொருவர் நெருக்கம் காட்டவும், அதே நேரத்தில் அந்த நெருக்கம் மிகையாகத் தெரியாமல் ஓர் இடைவெளியைக் காக்கவும் இந்தச் சொல் உதவுவதாக எழுதினார். ‘மச்சி’ செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுவே. மச்சானில் இருந்த உறவுமுறை முழுவதும் உதிர்ந்து, கல்லூரிப் பெண்களும் தங்களுக்குள் மச்சி என்று அழைத்துக்கொள்ளும் நிலைக்கு அது வந்துவிட்டது.

காலாப்பட்டு ஆய்வு மாணவி:

பெண்களைப் பற்றிய பேச்சு இப்போதுதான் வந்திருக்கிறது என்பதைக் கவனித்தேன். ஆண்களைக் குறிக்கும் சொற்கள் பெரும்பாலும் மேலேறியிருக்கின்றன: எரிக்கப்பட்ட உருவம் சாதாரண மனிதனாயிற்று, பகட்டுக்காரன் நண்பனானான். பெண்களைக் குறிக்கும் சொற்களோ மறுபக்கமாக இறங்கியிருக்கின்றன. ஆங்கிலத்தில் ‘ஹஸ்ஸி’ என்ற வசைச்சொல், இல்லத்தரசியைக் குறிக்கும் ‘ஹவுஸ்வைஃப்’ என்ற சொல்லின் திரிபு. ‘வென்ச்’ என்ற சொல்லின் மூலம் பழைய ஆங்கிலத்தில் குழந்தை என்றுதான் பொருள்பட்டது. ஆசிரியர் குறிப்பிட்ட பிரெஞ்சுக் கார்சோனுக்கு நெருங்கிய பெண்பால் வடிவமான ‘கார்ஸ்’ இன்று மிகக் கடுமையான வசை. சோழர் காலக் கல்வெட்டுகளில் மதிப்போடு வரும் ‘தேவரடியார்’ என்ற சொல்லுக்கு நாம் என்ன செய்தோம் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. ஆகவே பழைய கதைகளில் இத்தகைய சொல் வந்தால், அந்தக் கதை எழுதப்பட்ட காலத்தில் அது இறக்கத்தின் எந்தப் படியில் இருந்தது என்பதைப் பார்க்காமல் வசையாக மொழிபெயர்த்துவிடக் கூடாது.

‘கய்ஸ்’ என்று பெண்களையும் சேர்த்து அழைப்பது சரியா என்ற விவாதம் ஆங்கிலத்தில் தொடர்ந்து நடக்கிறது. அந்த இடத்தில் எனக்குத் தமிழின் ‘பசங்க’ நினைவுக்கு வருகிறது. இரண்டு பெண்களைப் பெற்ற என் அத்தையிடம் ‘பசங்க எப்படி இருக்காங்க?’ என்று கேட்டால் அவர் இயல்பாகப் பதில் சொல்வார். ஆனால் ‘ஒரு பையன் வந்தான்’ என்று ஒருமையில் சொன்னால் அது ஆண் மட்டுமே. கய், கய்ஸ் இரண்டுக்கும் இடையில் உள்ள அதே வேறுபாடு. கய்ஸுக்கு நாம் வேறு சொல் தேடவே வேண்டாம்.

கடலூர் முதுநகர், ஓய்வுபெற்ற கப்பல் அலுவலர்:

மாணவி சொன்னதோடு ‘கிட்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் முதற்பொருள் ஆட்டுக்குட்டி. அதற்கும் தமிழ் ஆயத்தமாகவே இருக்கிறது: பிள்ளைகுட்டி. ஆனால் குட்டி என்று தனியாகப் பெண்ணைக் குறித்தால் மாணவி சொன்ன இறக்கம் அங்கேயும் வந்துவிடுகிறது என்பதை மறுக்க முடியாது. இன்னொரு சொல், லாட். அது இளைஞனைக் குறிப்பது என்றாலும், குதிரை லாயத்தில் வேலை செய்பவர் ஐம்பது வயதானாலும் அங்கே லாட்தான். ஆசிரியர் ‘பாய்’ பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

மஞ்சக்குப்பம் மொழிபெயர்ப்பாளர்:

இன்னும் ஒரே ஒரு சொல்லுக்கு வழி சொல்லுங்கள். அமெரிக்கக் கதைகளில் ‘மை ஃபோக்ஸ்’ என்று வரும். மக்கள் என்ற பொருளுடைய சொல்தான், ஆனால் பெற்றோரைக் குறிக்கிறது. ‘என் பெற்றோர்’ என்று எழுதினால் விண்ணப்பப் படிவம் போல இருக்கிறது. ‘அப்பா அம்மா’ என்றாலோ சொல்பவன் அவர்களைத் தனித்தனியாக நினைப்பது போல ஆகிவிடுகிறது.

நெல்லிக்குப்பம், நிலத்தரகர்:

‘வீட்ல’ என்று எழுதுங்கள். ‘வீட்ல ஒத்துக்க மாட்டாங்க’ என்று கல்யாணம் ஆகாத ஒருவன் சொன்னால் அது பெற்றோர்தான். கல்யாணம் ஆனவன் சொன்னால் மட்டும் மனைவி என்று ஆகிவிடும். ஆகவே அந்தக் கதாபாத்திரத்துக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.